புடலில் ஆண்கொடி இல்லை



ஆடி மாதம் பிறந்தால் ஸ்காபரோவில் எனக்கு ஒரே முறைப்பாடுதான் வரும். "அண்ணை, புடல் பந்தல் முழுக்கப் படர்ந்திட்டுது, பூவும் கொத்துக் கொத்தாய்ப் பூக்குது, ஒரு பிஞ்சைக் காணேல்லை. இது ஆண்கொடி போல. பிடுங்கி எறியட்டோ?" சென்ற கோடையில் எங்கள் அயலில் இரண்டு வீடுகளில் பிடுங்கியே விட்டார்கள். சித்திரையில் விதை போட்டு மூன்று மாதம் வளர்த்த கொடிகள்!

நேயர்களே, புடலில் ஆண்கொடி என்று ஒன்று கிடையாது. ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில்தான் வரும். ஆண்பூ முந்திக்கொள்ளும், நீண்ட காம்பில் கொத்தாக நிற்கும். பெண்பூ பிந்தித்தான் வரும், அதுவும் தனியாக. அதன் அடியில், பூ விரிய முன்னரே, மெல்லிய பிஞ்சு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தால் போதும். தழைச்சத்துப் பசளையை அள்ளிக் கொட்டினால் இலைதான் கொழுக்கும், பெண்பூ இன்னும் பிந்தும்.

பெண்பூ வந்தும் காய் பிடிக்கவில்லையா? புடலம்பூ பொழுதுபட்ட பிறகுதான் விரியும். பகலில் வருகிற தேனீயால் அதற்குப் பயனில்லை. ஊரில் இரவிலே அந்துப்பூச்சிகள் வந்து அந்த வேலையைச் செய்தன. இங்கேயும் அந்துப்பூச்சி உண்டு. ஆனால் அதை நம்பிக் காத்திருக்க எங்கள் கோடை காணாது.

ஆகவே இரவு ஒன்பது, ஒன்பதரைக்கு ரோச் லைட்டுடன் பந்தலுக்குப் போங்கள். விரிந்த ஆண்பூ ஒன்றைக் கிள்ளி, இதழ்களை நீக்கி, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். காலைவரை தள்ளிப்போட வேண்டாம், பூ வாடிவிடும். பிடித்த பிஞ்சு சில நாட்களில் நீளத் தொடங்கும். பிடிக்காதது மஞ்சளாகி விழும். இரண்டு வாரமளவில் கறிக்கு வெட்டலாம். நேராக வளர நுனியில் சிறு கல்லைக் கட்டுவது உங்களுக்குத் தெரிந்ததே.

எங்கள் வீட்டில் இந்த வேலை மாமியுடையது. எண்பது வயது. குளிர்காலம் முழுவதும் யன்னலோடு இருப்பவர், கோடையில் எட்டரைக்கே செருப்பைத் தேடுவார். வேறு யாரையும் பூவைத் தொட விடமாட்டார்.

வரும் ஆண்டுக்கு ஒரு குறிப்பு. புடல் விதையின் ஓடு கடினமானது. ஓரிரவு ஊறவைத்து, சித்திரை நடுப்பகுதியில் வீட்டுக்குள் சூடான இடத்தில் சாடியில் போடுங்கள். விக்ரோறியா தினத்தன்று வெளியே நடுவது தக்காளிக்குச் சரிவரலாம். புடலுக்கு அது அவசரம். இரவுக் குளிர் தணியும் நாள்வரை, பெரும்பாலும் ஆனி முதல் வாரம்வரை, பொறுத்திருங்கள்.

முதலில் பிடித்த நல்ல காய் ஒன்றை விதைக்கென்று விட்டுவிடுங்கள். கொடிக்கு ஒன்று போதும். முற்றுகிற காய் கொடியின் பலத்தை இழுத்துக்கொள்ளும். அது செம்மஞ்சளாகப் பழுத்ததும் விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, கடித உறையில் போட்டு ஆண்டை எழுதி வையுங்கள். உறைபனி விழுந்தால் ஒரே இரவில் கொடி கருகிவிடும். அதற்கு முன்னரே பறித்துவிட வேண்டும்.