தரிசில் தளிர்த்த வாழ்வு

வாழ்வின் பயன் யாது என்னும் வினா மனிதனை எக்காலத்தும் தொடர்ந்து வருவது. கற்றவன் அதற்கு விடையை நூலிலே தேடுகிறான். வணிகன் பொருளிலே தேடுகிறான். துறவி காட்டிலே தேடுகிறான். காடே இல்லாத ஒரு வெற்று நிலத்திற்குச் சென்று, அங்கே தம் கையாற் காடொன்றை உண்டாக்கி, அந்த உழைப்பினூடே அவ்வினாவுக்கு விடை கண்டவர் ஒருவர் உண்டு. யாக்குபா சவாடோகோ என்பது அவர் பெயர். மேற்கு ஆபிரிக்காவிலே புர்க்கினா பாசோ என்னும் நாட்டின் வடபகுதியில் 1946ஆம் ஆண்டில் பிறந்து, 2023ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் திகதி மறைந்த கமக்காரர் அவர்.

சகாராப் பாலைவனத்தின் தென் ஓரமாக, ஆபிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை நீண்டு கிடக்கும் நிலப்பரப்பைச் சாஹேல் என்பர். அரபு மொழியில் அச்சொல்லுக்குக் கரை என்பது பொருள். மணற்கடலின் கரையிலே மனிதர் குடியிருக்கும் நாடு என்று அதனைக் கொள்ளலாம். யாக்குபாவின் ஊராகிய குர்கா, அச்சாஹேலைச் சேர்ந்த யாத்தெங்கா மாகாணத்தில், வாஹிகுயா என்னும் நகரத்திற்கு அண்மையில் உள்ளது. அங்கே ஆண்டின் மழை முழுவதும் ஏறத்தாழ ஜூன் முதல் செப்டெம்பர் வரையுள்ள மாதங்களிலேயே பெய்து முடிந்துவிடும். எஞ்சிய மாதங்களில் வானம் வெளிறிக் கிடக்கும். ஒரு பருவத்து மழையை நம்பி ஆண்டு முழுவதும் வாழ்வது எத்தகையது என்பதை வன்னியிலும் மன்னாரிலும் கமஞ்செய்வோர் நன்கு அறிவர். ஆயினும் வன்னியிலே முன்னோர் கட்டிவைத்த குளங்கள் உண்டு. யாத்தெங்காவின் கமக்காரனோ பெரும்பாலும் வானத்தையே நம்பியிருந்தான்.

அந்த வானமும் கைவிட்ட காலம் ஒன்று வந்தது. 1960ஆம் ஆண்டுகளின் இறுதியிலே தொடங்கி, 1970ஆம் ஆண்டுகளிலும் 1980ஆம் ஆண்டுகளிலும் சாஹேலைப் பெரும் வறட்சி வாட்டியது. அதற்கு முன்னரே அந்நிலம் களைத்துப் போயிருந்தது. மக்கள் தொகை பெருகியதால், நிலத்தைச் சில ஆண்டுகள் ஓய்வாக விடும் பழைய வழக்கம் குறைந்தது. விறகுக்காகவும் விளைநிலத்திற்காகவும் மரங்கள் வெட்டப்பட்டன. நிழல் இழந்த மண்ணைக் காற்று அள்ளிச் சென்றது. மழை அரித்துச் சென்றது. எஞ்சிய நிலம் இறுகி, மேலே ஓடு படர்ந்ததுபோல் ஆயிற்று. அத்தகைய நிலத்தை அங்குள்ள மோசி இனத்தார் 'ஸிப்பெலே' என்பர். அதன்மேல் மழை பெய்தாலும் பாறைமேற் பெய்த மழைபோல வழிந்தோடிவிடும். ஒரு புல்லும் முளைக்காது. பயிரும் கால்நடையும் அழிந்தபின்னர்க் குடும்பங் குடும்பமாக மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர்.

யாக்குபா இளமையில் மாலி நாட்டிலுள்ள குர்ஆன் பள்ளியொன்றுக்கு அனுப்பப்பட்டவர். ஆனால் எழுத்தும் வாசிப்பும் அவருக்குக் கைவரவில்லை. ஊர் திரும்பியபின் சந்தையிலே கடை வைத்தார். வியாபாரம் நன்றாகவே நடந்தது. வறட்சிக்கு அஞ்சாமற் குடும்பத்தைக் காக்கும் வழி அவர் கையிலே இருந்தது எனலாம். எனினும் 1980ஆம் ஆண்டளவில் அவர் அந்த வியாபாரத்தை விட்டார். ஊரார் நிலத்தை விட்டு நகரத்தை நாடிச் சென்றுகொண்டிருந்த காலத்திலே, அவர் சந்தையை விட்டு நிலத்தை நாடி வந்தார்.

வந்தவர் கையில் இயந்திரமில்லை, ஒரு மண்வெட்டியே இருந்தது. அவர் மனத்திலே ஒரு பழைய முறையின் நினைவும் இருந்தது. 'ஸாய்' என்பது அதன் பெயர். விடியற்காலையிலே எழுந்து தன் நிலத்தைப் பண்படுத்த விரைதல் என்னும் பொருளுடைய மோசி மொழிச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்ததென்பர். இறுகிய நிலத்திலே சிறு குழிகளை வரிசையாகத் தோண்டி, மழைநீர் அவற்றிலே தங்குமாறு செய்து, குழியினுள் விதைப்பதே ஸாய். முன்னோர் அதனைச் சிறு துண்டு நிலங்களிலே கையாண்டிருந்தனர். பின்னர் அது பெரிதும் கைவிடப்பட்டுக் கிடந்தது.

யாக்குபா அம்முறையை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை; திருத்தினார். குழியின் அகலத்தையும் ஆழத்தையும் கூட்டினார். ஒவ்வொரு குழியிலும் மாட்டெருவையும் உக்கிய இலைகுழையையும் இட்டார். யாவற்றுக்கும் மேலாக, மழை பெய்தபின் தோண்டாமல், கோடைக் காலத்திலேயே தோண்டத் தொடங்கினார். முதல் மழை வருமுன்னரே நிலம் அதனை வரவேற்க ஆயத்தமாயிருத்தல் வேண்டும் என்பது அவர் எண்ணம்.

இங்கேதான் அவருக்கு எதிர்ப்பும் எழுந்தது. மழைக்கு முன் மண்ணிலே கைவைப்பது அவ்வூர் வழக்கமன்று. சுடு வெயிலிலே, கல்லைப் போல் இறுகிய தரிசிலே, ஒருவன் நாளெல்லாம் குழி தோண்டிக்கொண்டிருந்தால் உலகம் அவனை என்னவென்று சொல்லும்? பித்தன் என்றே சொன்னார்கள். அந்த உழைப்பின் அளவும் சிறிதன்று. ஒரு ஹெக்டேயர் நிலத்திற்குப் பதினாயிரத்திற்கு மேற்பட்ட குழிகள் வேண்டும். அவற்றைத் தோண்ட 300 மணி நேரம் வரை ஆகும் என்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் உழைப்பவனுக்கு அது அறுபது நாள் வேலை.

குழியிலே நிகழ்வது யாது? முதலில், வழிந்தோடும் நீர் அதிலே விழுந்து நின்று மெல்ல மண்ணுக்குள் இறங்குகிறது. காற்றுக் கொண்டுவரும் புழுதியும் சருகும் அதிலே தங்குகின்றன. அடுத்து, எருவை நாடிக் கறையான் வருகிறது. கறையானை நாம் கேடு செய்யும் பூச்சியென்றே எண்ணிப் பழகியவர்கள். அங்கே அதுவே கமக்காரனின் துணைவன். எருவைத் தின்ன வந்த கறையான் இறுகிய மண்ணைத் துளைத்து வழிகளை உண்டாக்குகிறது. அவ்வழிகளினூடே நீர் ஆழத்திற்கு இறங்குகிறது. அவ்வழிகளைப் பற்றியே பயிரின் வேரும் இறங்குகிறது. இடையிலே பத்துப் பதினைந்து நாள் மழை தவறினாலும், குழியிலுள்ள ஈரம் பயிரைக் காத்து நிற்கும்.

முதல் அறுவடைகளிலேயே பயன் தெரிந்தது. ஒரு மணியும் விளையாதிருந்த நிலத்தில் இறுங்கும் கம்பும் தலைசாய்ந்து நின்றன. ஸாய் முறையினால், மழை குறைந்த ஆண்டில் ஹெக்டேயருக்கு 300 முதல் 400 கிலோ வரையும், நல்ல ஆண்டில் 1500 கிலோ வரையும் தானியம் பெறலாமென அப்பகுதியிலே நெடுங்காலம் ஆராய்ந்தவர்கள் எழுதியுள்ளனர். தரிசாய்க் கிடந்த நிலத்திற்கு இது சிறு பேறன்று.

இவ்வளவோடு அவர் கதை முடிந்திருந்தால், அது திறமைமிக்க ஒரு கமக்காரரின் வெற்றிக் கதையாக மட்டுமே இருந்திருக்கும். ஆனால் குழிகளிலே அவர் விதைக்காத ஒன்றும் முளைத்தது. ஆடுமாடுகள் தின்ற காய்களின் வித்துக்கள் எருவோடு கலந்து வந்திருந்தன. பயிருக்கிடையே மரக்கன்றுகள் தலைகாட்டின. பயிருக்கு இடையூறென்று அவற்றைப் பிடுங்கி எறிவதே கமக்காரரின் வழக்கம். யாக்குபா பிடுங்கவில்லை, நின்று பார்த்தார். மரம் நின்ற இடத்தில் காற்றின் வேகம் தணிவதையும், உதிர்ந்த இலை உரமாவதையும், நிழலிலே ஈரம் நிலைப்பதையும் கண்டார். அதன்பின் தானியத்தோடு மரவித்துக்களையும் தாமே விதைக்கலானார். ஆண்டுகள் செல்லச் செல்ல, ஏறத்தாழ நாற்பது ஹெக்டேயர் பரப்பிலே, அறுபதுக்கு மேற்பட்ட வகை மரங்களும் செடிகளும் கொண்ட ஒரு காடு அங்கே எழுந்தது. பறவைகள் மீண்டும் வந்தன. அழிந்து போயினவென்று ஊரார் எண்ணியிருந்த மருந்து மரங்கள் கைக்கெட்டும் தூரத்திற்கு வந்தன.

இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். யாக்குபா சந்தையை விட்டு வந்த நாளில் காடு வளர்க்க வந்தவரல்லர். குடும்பத்திற்கும் ஊருக்கும் உணவு விளைவிக்க வந்தவர். காடு என்னும் பெரிய குறிக்கோள் அவருக்கு முன்கூட்டியே தோன்றியிருந்ததென்று கூறுவதற்கில்லை. அன்றாட வேலையிலே ஊன்றி நின்றவரின் கண்முன்னே அது கன்றாக முளைத்தது. அதனைப் பிடுங்காமல் விட்டதே அவர் செய்த முதற் பெருஞ்செயல்.

எதிர்ப்பு ஏளனத்தோடு நிற்கவில்லை. அவர் வளர்த்த காட்டிற்குத் தீ வைத்தவர்களும் உளர். பல ஆண்டு உழைப்புச் சில மணி நேரத்திலே சாம்பலாயிற்று. மனம் முறிந்து மீண்டும் சந்தைக்கே போயிருந்தால் அவரைக் குறைகூற எவருமிரார். அவரோ எரிந்த நிலத்திலேயே மீண்டும் விதைத்தார். தீ வைத்த ஊருக்கு அவர் செய்த மறுமொழி அதுவே.

மேலும், தாம் அறிந்ததை அவர் மறைத்து வைக்கவில்லை. 1984ஆம் ஆண்டு தொடக்கம் தம் நிலத்திலேயே ஆண்டுக்கு இருமுறை ஸாய்ச் சந்தை ஒன்றைக் கூட்டினார். நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களிலிருந்து கமக்காரர் அங்கே வந்தனர். வருவோர் தத்தம் நிலத்தில் நன்கு விளைந்த வித்துக்களைக் கொண்டுவந்தனர்; விதைப்புக்கு முன் கூடும் சந்தையிலே வேண்டியவர் வேண்டிய வித்தைப் பெற்றுச் சென்றனர். கடை நடத்திய காலத்திலே அவர் கற்ற சந்தைத் தொழில் இங்கே இவ்வாறு உதவியது போலும். விலை கூறி விற்றவர் வித்தும் அறிவும் வழங்குபவரானார். ஏனைய கமக்காரர்களும் தாங்களாகவே பிறருக்குக் கற்பிக்க முன்வந்தனர். சம உயரக் கோட்டிலே கற்களை வரிசையாக அடுக்கி வெள்ளத்தைத் தடுக்கும் முறையும் ஸாயோடு சேர்ந்து பரவியது. இவ்விரு முறைகளாலும் புர்க்கினா பாசோவில் இரண்டு இலட்சம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலம் மீட்கப்பட்டதென மதிப்பிடுகின்றனர். சில ஊர்களிலே கிணற்று நீர்மட்டமும் உயர்ந்தது.

உலகம் அவரைக் காலந் தாழ்த்தியே அறிந்தது. 2010ஆம் ஆண்டில் அவர் வாழ்க்கையைப் பற்றிய ஆவணத் திரைப்படமொன்று வெளிவந்தது. 2018ஆம் ஆண்டில், மாற்று நோபல் பரிசு என வழங்கும் 'ரைட் லைவ்லிகூட்' விருது சுவீடனிலே அவருக்கு அளிக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றாடல் அமைப்பும் அவரைச் சிறப்பித்தது. எழுத்தறியாத கமக்காரரிடம் விஞ்ஞானிகள் வந்து பாடங் கேட்டனர்.

ஆயினும் புகழ் அவர் காட்டிற்குக் காவலாகிவிடவில்லை. அண்மையிலுள்ள நகரம் விரிந்தபோது காட்டின் ஓரம் வீட்டு மனைகளாகப் பிரிக்கப்பட்டது. தாமே உண்டாக்கிய காட்டைத் தமக்கே உரியதாக்கிக்கொள்ள அவர் ஆண்டுக்கணக்காக அலைய நேர்ந்தது. அவருடைய இறுதி ஆண்டுகளிலே ஆயுதக் குழுக்களின் வன்செயல் நாட்டின் வடபகுதியை வருத்தியது. தம் ஊர்களை விட்டுப் பெயர்ந்த மக்கள் வாஹிகுயாவிலே திரண்டனர். வறட்சியால் ஊரிழந்தவரை மண்ணுக்கு மீட்க முயன்றவரின் கண்முன்னே, வேறொரு காரணத்தால் மக்கள் மீண்டும் ஊரிழந்தனர். மரங்கள் எல்லாத் துன்பத்தையும் தீர்த்துவிடும் என்று எவரும் கூறார். ஆனால் மீண்டு வருவோர்க்குக் கால் ஊன்ற நிலமும், அந்நிலத்திலே நீரும் நிழலும் வேண்டுமன்றோ? அவற்றை ஆக்கி வைப்பவன், தான் காணாத நாளுக்காகவும் உழைக்கிறான்.

இன்று சுற்றாடலின் கேட்டைப் பற்றிக் கேட்கும் இளைஞர் பலருக்கு நெஞ்சிலே ஒரு சோர்வு உண்டாகிறது. உலகம் இத்துணைப் பெரிது. கேடும் இத்துணைப் பெரிது. இதில் ஒருவனால் ஆவதென்ன என்பது அச்சோர்வு பேசும் மொழி. யாக்குபா உலகத்தைத் திருத்தப் புறப்பட்டவரல்லர். தம் காலடியிலுள்ள நிலத்திலே ஒரு குழி தோண்டினார். அடுத்து மற்றொன்று தோண்டினார். குறிக்கோளைக் கண்டபின்னரே வேலையைத் தொடங்குவேன் என்று காத்திருப்பவனுக்கு அது அகப்படுவது அரிது. அருகிலுள்ள தேவை ஒன்றைக் கண்டு, அதற்குக் கை கொடுத்து, அக்கையை எடுக்காதிருப்பவனிடம் குறிக்கோள் தானாகவே வந்து சேர்கிறது.

அத்தகைய தேவைகள் எவ்வூரிலும் உண்டு. தூர்ந்து கிடக்கும் ஒரு வாய்க்கால், குப்பை நிறைந்த ஒரு கேணி, நிழலற்றுக் கிடக்கும் ஒரு பள்ளிக்கூட வளவு, வீணே எரிக்கப்படும் இலைகுழை ஆகியவை நாள்தோறும் கண்ணிற் படுபவையே. அவற்றுள் ஒன்றை ஒருவன் தன்னுடையதென்று ஏற்றுக்கொண்டால், அவன் வாழ்வுக்கு ஓர் அச்சாணி கிடைத்துவிடுகிறது.

குர்கா என்னும் சிற்றூரிலே ஒரு கமக்காரர் நாற்பது ஆண்டுகள் விடியலிலே எழுந்து மண்ணை நோக்கி நடந்தார். அவர் மறைந்துவிட்டார். கோடையிலே தோண்டிய குழி மழைக்காகக் காத்திருப்பதுபோல, அவர் கற்றுக்கொடுத்த முறை இன்று பல்லாயிரம் நிலங்களிலே காத்திருக்கிறது. மழை வரும்போது அந்நிலங்கள் ஆயத்தமாயிருக்கும்.