வீடே முதற் பள்ளிக்கூடம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் கூடுதல் மதிப்பெண் பெற்ற பிள்ளைகளின் பெயர்களை இவ்வறிக்கையில் அச்சிட்டு மகிழ்கிறோம். ஐந்து வயதுப் பிள்ளைகளைக் குறித்து இதுவரை ஒரு வரியும் எழுதினோமில்லை. அக்குறையை ஒப்புக்கொண்டே இவ்வுரையைத் தொடங்குகிறோம்.

அண்மையில் நம் முஹல்லாவைச் சேர்ந்த சிறுமி ஒருத்தி ஒன்று முதல் நூறு வரை தடையின்றி ஒப்பித்தாள். “ஏழு புளியங்கொட்டை எடுத்து வாம்மா” என்றோம். கை நிறைய அள்ளி வந்து நின்றாள். அவள்மீது குற்றமில்லை. எண்ணின் பெயரை அவள் வாய்க்குக் கொடுத்த நாம், எண்ணை அவள் கைக்குக் கொடுக்கவில்லை.

கையால் தொட்டுக் கற்பது புதுமையான செய்தியன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி விரலால் எழுதியே எழுத்துப் பழகினர். மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார் 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பொன்றில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கி, இம்முறையை ஒழுங்குபடுத்தினார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பின்னர் தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் பரவியது.

“அதிகம் படிக்காத நாங்கள் எவ்வாறு கற்பிப்பது?” என்று தாய்மார்கள் கேட்கின்றனர். கொரோனாவால் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 2021 அக்டோபர் 27 அன்று இல்லம் தேடிக் கல்வித் திட்டம் நம் மரக்காணம் பகுதியின் முதலியார்குப்பத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அதில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குக் கற்பித்த தன்னார்வலர்களுள் பெரும்பாலோர் அக்கம்பக்கத்துப் பெண்களே. பெரும் பட்டம் பெற்றவர்களால் மட்டுமே இயலும் பணி இதுவன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

தாய்மார்களே, உங்கள் அடுக்களையில் இருப்பவையே போதும். பத்து ஈர்க்குச்சிகளை ஒரு கட்டாகக் கட்டச் சொல்லுங்கள். மூன்று கட்டும் நான்கு குச்சியும் முப்பத்து நான்கு என்பதைப் பிள்ளை தன் கண்ணாலேயே காணும். அரிசி அளக்கும்போது அருகில் அமர்த்துங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. அரை, கால், அரைக்கால் என்னும் பின்னங்கள் அனைத்தும் அதில் அடங்கியிருக்கின்றன. மூன்று வயதுக்கு உட்பட்ட மழலைகளிடம் மட்டும் கொட்டைகளையும் மணிகளையும் தராதீர்கள். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்வர்.

அறிவியலுக்கு நம் கடற்கரையே ஆய்வுக்கூடம். தட்டில் உப்புநீரை ஊற்றி வெயிலில் வையுங்கள். சில நாட்களில் நீர் மறைந்து உப்பு எஞ்சும். அப்பரல்களை உற்றுநோக்கினால் சதுரக் கட்டிகளாய்த் தோன்றும். “தண்ணீர் எங்கே போயிற்று?” என்று கேட்டுவிட்டு விடையைப் பிள்ளைக்கே விட்டுவிடுங்கள். மறுநாள் மரக்காணத்து உப்பளப் பாத்திகளைக் காட்டினால், மழைக்காலத்தில் உப்பு விளைச்சல் ஏன் நின்றுபோகிறது என்பதை அப்பிள்ளையே உங்களுக்கு எடுத்துரைக்கும்.

பள்ளியை நிறுத்திவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி ஒவ்வொரு பிள்ளையின் உரிமை. ஆறு வயதுக்கு முற்பட்ட காலமோ பெரிதும் நம் கையில் இருக்கிறது. மூன்று வயதிலேயே கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தி, எழுதப் பணியாத விரல்களை எழுதவைத்து அழவிடுகிறோமே, அதைச் சற்றுச் சிந்திப்போம். பள்ளி செல்லும் பிள்ளைக்கும் வீட்டின் அரைமணி நேரம் துணைநிற்கும்.

அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அந்த அரைமணி நேரத்தை ஒதுக்குங்கள். தொலைக்காட்சியும் கைப்பேசியும் அப்போது ஓய்வெடுக்கட்டும். தந்தையரும் உடன் அமருங்கள். இதைத் தாய்மார்களின் தலையில் மட்டும் சுமத்துவது நீதியாகாது.

அடுத்த ஆண்டறிக்கையில் மதிப்பெண் பட்டியலுக்கு முன்பாக, நம் வீடுகளில் சிறார் செய்து பார்த்தவற்றின் பட்டியலும் இடம்பெற வேண்டும் என்பதே நம் அவா. ஏழு கொட்டைகளைச் சரியாக எண்ணித் தரும் அச்சிறுமியின் பெயரும் அதில் இருக்கும், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.