தொட்டி ரோஜாவை மாற்றி நடுதல்



இசையும் இலக்கியமும் நிறைந்த இவ்விழாவில் மண்ணையும் வேரையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பொறுத்தருள வேண்டுகிறோம்.

வடக்கே பாலகாட் முதல் தெற்கே மாரிக்குப்பம் வரை, நம் தங்கவயலின் வரிசை வீடுகளில் ரோஜா தொட்டியிலேதான் வளர்ந்தது. தொட்டி கிட்டாதவர் மண்ணெண்ணெய் டின்னில் வளர்த்தனர். குடியிருந்த வீடு சுரங்கத்துக்கு உரியது. செடி மட்டுமே நமக்கு உரியது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபின் ஊர் பெயர்ந்த குடும்பங்கள் சில, தட்டுமுட்டுச் சாமான்களோடு ரோஜாத் தொட்டியையும் வண்டியில் ஏற்றிச் சென்றதை நாம் கண்டிருக்கிறோம். பெற்றோர் கைப்பட வைத்த அச்செடிகள் இன்று ஒவ்வொன்றாகப் பட்டுப்போகின்றன. தண்ணீர்க் குறையே காரணம் என்று பலரும் எண்ணுகின்றனர். பெரும்பாலும் காரணம் அதுவன்று. வேருக்கு இடமில்லை என்பதே உண்மை.

இதனை அறிவது எளிது. ஊற்றிய நீர் மண்ணில் ஊறாமல் ஓரமாக வழிந்து அடித்துளையில் ஓடிவிடும். வேர் துளைவழியே எட்டிப் பார்க்கும். இலை சிறுக்கும், பூவும் சிறுக்கும். இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றி நட்டால் இந்நிலை வாராது.

எப்பொழுது மாற்றுவது? குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் ரோஜா இலையுதிர்த்து உறங்கிவிடும், அவ்வுறக்கத்திலேயே மாற்றிவிடுவர். நம் ஊரில் அது உறங்குவதில்லை. ஆதலால் கவாத்துச் செய்து நாமே அதற்கு ஓய்வு தரவேண்டும். ஐப்பசிப் பெருமழை தணிந்து இரவு குளிரத் தொடங்கும் நாள்களே ஏற்றவை. அப்பொழுது மாற்றினால் மார்ச்சு வெயிலுக்குள் வேர் நன்கு ஊன்றிக்கொள்ளும். சித்திரை வெயிலில் செடியைப் பெயர்ப்பது அதனைக் கொல்வதற்கு ஒப்பாகும். பெங்களூர் லால்பாக்கின் குடியரசு நாள் மலர்க்காட்சிக்குச் சென்று பையில் செடி வாங்கி வருவோர் நம்மில் பலர். அச்செடியின் மண்கட்டியை உடைக்காது, பையை மட்டும் கிழித்து உடனே தொட்டியில் இறக்கலாம்.

இனி மண். இங்கே ஓர் எச்சரிக்கை. பொடிமண் வேண்டுமென்று சயனைடு மேட்டுக்குக் கூடையோடு போகாதீர்கள்! 1887-இல் ஸ்காட்லாந்தில் கண்டறிந்த சயனைடு முறையால் பொன்னைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய பாறைமாவு அது. அதில் இலைமக்கு இல்லை; நனைந்தால் இறுகும்; நச்சு எச்சமும் உண்டு. குழந்தைகள் கை வைக்கும் தொட்டியில் அதற்கு இடமே கூடாது. கோலார்ச் சீமையின் செம்மண் இருக்க வேறென்ன வேண்டும்? செம்மண் இரு பங்கு, நன்கு மக்கிய சாணம் ஒரு பங்கு, இலைமக்கும் ஆற்றுமணலும் சேர்ந்து ஒரு பங்கு; இவற்றோடு வேப்பம் பிண்ணாக்கு ஒரு பிடி, எலும்புத்தூள் ஒரு பிடி. மக்காத சாணம் வேரைச் சுட்டுவிடும்.

மாற்றுவதற்கு முதல்நாளே செடிக்கு நீர் விடுக. புதிய மண்தொட்டியாயின் அதனை இரவு முழுதும் நீரில் ஊறவைக்கவேண்டும். இன்றேல் மண்ணின் ஈரத்தை அதுவே குடித்துவிடும். பெரிய பூ ரோஜாவுக்குப் பன்னிரண்டு அங்குலத் தொட்டி போதும். கிளைகளில் மூன்றிலொரு பங்கைக் கூரிய கத்தரியால் குறைத்தபின், தொட்டியைச் சாய்த்து விளிம்பைத் தட்டினால் மண்கட்டி முழுதாய் நழுவி வரும். தண்டைப் பிடித்து இழுத்தல் ஆகாது. கட்டியின் வெளிப்புறத்தில் கால்பங்கு மண்ணை உதிர்த்து, கறுத்த வேர்களையும் வட்டமாய்ச் சுற்றிய வேர்களையும் நறுக்குக. வெண்மையான இளவேரைத் தொடவேண்டா.

துளைமேல் ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து, மண்ணிட்டுச் செடியை நிறுத்துக. ஒட்டுக்கட்டிய கணு மண்மட்டத்துக்குச் சற்று மேலே தெரியவேண்டும். அதன் கீழிருந்து தளிர்ப்பது காட்டு ரோஜா. பலர் மகிழ்ந்து வளர்ப்பது அதனையே! அதை அடியோடு கிள்ளிவிட வேண்டும். விரலால் மண்ணை அழுத்தி, நீர் நிற்க மேலே ஓரங்குலம் விட்டு, துளைவழி வடியும்வரை நீர் ஊற்றுக.

பின்னர்ப் பத்து நாள் நிழல். விடியுமுன் ரயிலேறிப் பெங்களூரில் வேலைபார்த்து இரவில் திரும்பும் அன்பர்கள் இப்பணியை ஞாயிற்றுக்கிழமை செய்யலாம். மற்ற நாள்களில் வீட்டார் காலையில் மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் நீர் விடலாம். குழாய்த் தண்ணீர் அரிதான நாளில் அரிசி கழுவிய நீரே ஆகும். சோப்பு நீர் ஆகாது. ஒரு திங்கள்வரை உரம் வேண்டா. முதல் மொட்டுகள் தோன்றினால் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிடுங்கள். அடுத்து வரும் மொட்டுகளைப் பூக்க விடலாம்.