ஒரு சண்டை, இரண்டு பாடப்புத்தகங்கள்

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)

பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய இரு நாடுகளின் உறவைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். ஒப்பந்தங்களையும் ஆண்டுகளையும் வரிசையாகச் சொன்னால் மதிய உணவுக்கு முன்பே பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். அதனால் பள்ளிக்கூடத்தின் வழியாக உள்ளே போகலாம்.

பத்தாம் வகுப்பில் முதல் உலகப் போரின் காரணங்களை நடத்தும்போது அல்சேஸ், லொரைன் என்ற பெயர்கள் வருகின்றன. 1871இல் ஜெர்மனி எடுத்துக்கொண்டது, போர் முடிந்ததும் பிரான்ஸ் திரும்பப் பெற்றது. இரண்டு மதிப்பெண் வினா. எழுதிப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். போன ஆண்டு ஒரு மாணவி எழுந்து, "அந்த ஊர்க்காரங்க யார் பக்கம் டீச்சர்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு நம் புத்தகத்தில் இடமில்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1870இல் போர் மூண்டது, பிரான்ஸ் தோற்றது. 1871 ஜனவரி 18 அன்று வெர்செய்ல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் ஜெர்மன் பேரரசு அறிவிக்கப்பட்டது. தோற்றவனின் வீட்டுக் கூடத்தில் வென்றவன் பட்டாபிஷேகம் நடத்திய மாதிரி. 500 கோடி பிராங்க் இழப்பீடு, கூடவே அல்சேஸும் லொரைனின் ஒரு பகுதியும். 1919இல் அதே மண்டபத்தில் ஜெர்மனியைக் கையெழுத்திட வைத்தது பிரான்ஸ். 1918இல் போர்நிறுத்தம் கையெழுத்தான ரயில் பெட்டியைத் தேடி எடுத்து, அதே கொம்பியேன் காட்டில் நிறுத்தி, 1940இல் பிரான்சைக் கையெழுத்திட வைத்தார் ஹிட்லர். பழிக்குப் பழி வாங்குவதில் இடத்தைக்கூட மாற்றவில்லை.

இனி வகுப்பறைக்கு வருவோம். அல்போன்ஸ் தோதேயின் 'கடைசிப் பாடம்' கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்; மத்தியப் பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் இருக்கிறது. அல்சேஸ் பள்ளிகளில் இனி ஜெர்மன் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று பெர்லினிலிருந்து உத்தரவு வருகிறது. பிரெஞ்சு ஆசிரியர் ஹாமெல் தம் கடைசி வகுப்பை நடத்துகிறார். ஆசிரியராக இருப்பவர்கள் கண் கலங்காமல் படிக்க முடியாத கதை. ஆனால் அது சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அன்றைய அல்சேஸில் பெரும்பாலானோர் வீட்டில் பேசியது பிரெஞ்சு அல்ல. அல்சேஷியன் என்ற, ஜெர்மன் குடும்பத்தைச் சேர்ந்த வட்டார மொழி. கதையில் வரும் சிறுவனின் பெயரான ஃபிரான்ட்ஸ் என்பதே ஜெர்மன் பெயர்தான். வீட்டு மொழி ஜெர்மன் சாயல், மனமோ பிரான்ஸ் பக்கம். இப்படிப் பலர் இருந்தார்கள். இந்தச் சிக்கலைக் கதை தொடவில்லை.

தோல்விக்குப் பின் பிரெஞ்சுப் பள்ளிகளின் வரைபடங்களில் இழந்த பகுதிகள் துக்க நிறத்தில் தீட்டப்பட்டன. 1887இல் ஆல்பர் பெத்தானியே வரைந்த 'கரும்புள்ளி' என்ற ஓவியத்தில் ஓர் ஆசிரியர் வரைபடத்தின் அந்தக் கறுப்பு இடத்தைச் சுட்டிக்காட்டுகிறார், சிறுவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஜெர்மன் பள்ளிகள் சும்மா இருந்தனவா? பிரெஞ்சுப் படை சரணடைந்த செடான் போரின் நினைவு நாளை ஆண்டுதோறும் செப்டம்பர் 2 அன்று கொண்டாடின. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1904இல் பத்து வயதில் இந்த வகுப்புகளில் உட்கார்ந்திருந்த பையனுக்கு 1916இல் 22 வயது. அந்த ஆண்டு வெர்டனில் பத்து மாதம் சண்டை. இரு தரப்பிலும் சேர்த்துச் சுமார் 3 லட்சம் பேர் இறந்தார்கள். அவர்களைப் போருக்கு அனுப்பியவர்கள் ஆசிரியர்கள் அல்ல. ஆனால் யாரை வெறுக்க வேண்டும் என்பதை அவர்கள் முதலில் கேட்டது நம்மைப் போன்றவர்களிடம்தான்.

அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். 1868இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் பிறந்த ஒரு குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். பிறக்கும்போது பிரெஞ்சு. மூன்று வயதில் ஜெர்மன். ஐம்பது வயதில் மறுபடி பிரெஞ்சு. 72 வயதில் ஜெர்மன். 76 வயது வரை இருந்திருந்தால் மீண்டும் பிரெஞ்சு. வீடு மாறவில்லை, தெரு மாறவில்லை. தெருவின் பெயர்தான் மாறியது. ஒவ்வொரு முறையும் முதலில் மாற்றப்பட்டது பள்ளியின் மொழி. 1940க்குப் பின் நாஜிகள் பிரெஞ்சைத் தடை செய்தார்கள், ஆட்களின் பெயர்களையே ஜெர்மன் ஆக்கினார்கள். 1945க்குப் பின் பிரான்ஸ் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஜெர்மனை எடுத்துவிட்டது. ஹாமெலின் கடைசிப் பாடம் ஒருமுறை நடந்ததல்ல. ஆசிரியரும் மொழியும் மாறி மாறி நடந்துகொண்டே இருந்தது.

இதை நிறுத்தப் பார்த்தவர்களிலும் ஆசிரியர்கள் உண்டு. ஜார்ஜ் லாபியேர் என்ற பிரெஞ்சுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர், ஆசிரியர் சங்கத் தலைவர்களுள் ஒருவர். போர்வெறி ஊட்டும் பாடநூல்களை நீக்க வேண்டும் என்று 1920களில் இயக்கம் நடத்தினார். 1935இல் இரு நாட்டு வரலாற்றாசிரியர்கள் பாரிசில் கூடி, சர்ச்சைக்குரிய செய்திகளை எப்படி எழுதலாம் என்று உடன்பாடு கண்டார்கள். ஹிட்லர் ஆட்சியில் அது ஜெர்மன் வகுப்பறைகளைப் போய்ச் சேரவில்லை. லாபியேர் நாஜிகளால் கைது செய்யப்பட்டு 1945இல் டாஹௌ வதைமுகாமில் இறந்தார். போருக்குப் பின், 1951இல், இரு தரப்பினரும் அந்தப் பழைய தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்கள். ஜெர்மனியில் அதை முன்னின்று நடத்திய கியோர்க் எக்கெர்ட் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர்.

அரசியல் தலைவர்களின் பங்கைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நிலக்கரியையும் எஃகையும் பொதுவில் வைக்கலாம் என்று 1950இல் அறிவித்த ராபர்ட் ஷூமான் ஜெர்மன் குடிமகனாகப் பிறந்து, 1919க்குப் பின் பிரெஞ்சுக் குடிமகன் ஆனவர், லொரைன் குடும்பம். 1963 ஜனவரி 22 அன்று டி காலும் அடினாயரும் எலிசே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தலைவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறையாவது சந்திக்க வேண்டும் என்பது அதில் உள்ள ஏற்பாடு. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, அதே ஆண்டு தொடங்கிய இளைஞர் பரிமாற்ற அலுவலகம். இதுவரை 80 லட்சத்துக்கும் மேற்பட்ட இளையோர் அதன் வழியாகப் பக்கத்து நாட்டைப் பார்த்திருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தின் நாற்பதாம் ஆண்டு விழாவில், 2003இல், பெர்லினில் கூடிய இரு நாட்டு மாணவர்கள் ஒரு கோரிக்கை வைத்தார்கள்: எங்கள் இருவருக்கும் ஒரே வரலாற்றுப் புத்தகம் வேண்டும். கேட்டவர்கள் மாணவர்கள் என்பதைக் கவனியுங்கள். 2006இல் முதல் தொகுதி வந்தது, 1945க்குப் பிந்தைய காலம் பற்றியது. 2008இல் இரண்டாவது, 2011இல் மூன்றாவது. ஒரே உள்ளடக்கம், இரண்டு மொழிகளில்.

எழுதுவது எளிதாக இல்லை. அமெரிக்காவின் பங்கை எப்படி மதிப்பிடுவது, கம்யூனிசத்தை எப்படிச் சொல்வது என்பதில் உரசல். பிரெஞ்சுப் புத்தகம் ஆவணங்களையும் படங்களையும் அடுக்கும். ஜெர்மன் புத்தகம் விளக்கமாக எழுதிச் செல்லும். உடன்பாடு வராத இடங்களை அவர்கள் மழுப்பவில்லை; பிரெஞ்சுப் பார்வையையும் ஜெர்மன் பார்வையையும் அருகருகே வைக்கத் தனிப் பக்கங்கள் ஒதுக்கினார்கள். எனக்குப் பிடித்தது அந்தப் பக்கங்கள்தான். புத்தகம் பரவலாகப் பயன்பட்டதா என்றால், இல்லை. ஜெர்மனியில் 16 மாநிலங்களுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம். தேர்வுக்கு வராத புத்தகத்தை யார் எடுப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஆண்டு அல்சேஸ் வரியை நடத்தும்போது வகுப்பை மூன்றாகப் பிரித்தேன். ஒரு குழு 1900ஆம் ஆண்டின் பாரிஸ் பள்ளி, ஒன்று பெர்லின் பள்ளி, மூன்றாவது ஸ்ட்ராஸ்பர்க். 1871இல் நடந்ததை மூன்று வாக்கியங்களில் எழுதச் சொன்னேன். முதல் இரண்டு குழுக்களும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டன. ஸ்ட்ராஸ்பர்க் குழு மணி அடிக்கும்வரை சண்டை போட்டுக்கொண்டிருந்தது, இரண்டு வாக்கியம்தான் எழுதியிருந்தார்கள். ஒரு பாடவேளை போய்விட்டது. பாடம் முடிக்க அடுத்த வாரம் ஓட வேண்டியிருந்தது. ஆனாலும் மறுபடி செய்வேன்.

உங்கள் மேசையில் மூன்று நிறத் தாள்கள் இருக்கின்றன. தேநீருக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. நீலத் தாள் கிடைத்தவர்கள் ஸ்ட்ராஸ்பர்க். நீங்கள் முதலில் தொடங்குங்கள்.