மூன்று கேள்விகள், ஒரே பதில்



ஐரோப்பாவில் லக்ஸம்பர்க் என்றொரு சிறிய நாடு உண்டு. 1940 மே 10ஆம் நாள் ஜெர்மானியப் படை அதனைக் கைப்பற்றியது. அன்று அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 3 லட்சமே. முதல் உலகப் போரில் மாண்டோருக்காக எழுப்பப்பட்ட ‘தங்கப் பெண்’ நினைவுச் சின்னத்தையும் வந்தவர்கள் தகர்த்தார்கள்.

1941 அக்டோபரில் ஒரு கணக்கெடுப்பு. குடியுரிமை எது, தாய்மொழி எது, இனம் எது என்று மூன்று கேள்விகள். ‘ஜெர்மன்’ என்ற பதிலையே ஆட்சியாளர்கள் எதிர்பார்த்தார்கள். மக்களோ மூன்றுக்கும் ‘லக்ஸம்பர்க்’ என்றே எழுதினார்கள். மாதிரிக் கணக்கில் இதைக் கண்டதும் கணக்கெடுப்பே கைவிடப்பட்டது.

1942 ஆகஸ்டில், இளைஞர்கள் ஜெர்மன் படையில் சேர வேண்டுமென்று ஆணை பிறந்தது. நாடு முழுவதும் வேலைநிறுத்தம் மூண்டது. 21 பேருக்கு மரண தண்டனை. ஆணையோ நீங்கவில்லை, 10,000க்கும் மேற்பட்ட இளைஞர்கள் பகைவனின் சீருடையை அணிய நேர்ந்தது. பலர் திரும்பவே இல்லை.

இன்றும் ஒவ்வோர் அக்டோபரிலும் அந்நாடு அவர்களை நினைத்துத் தலைவணங்குகிறது. 1984இல் அவர்கள் மொழி சட்டப்படி தேசிய மொழியாயிற்று. 1985இல் தங்கப் பெண் மீண்டும் எழுந்து நின்றாள்.

ஆயுதமில்லாதவர் கையிலும் ஓர் எழுதுகோல் உண்டு; உண்மையை எழுதும் துணிவு இருந்தால் அதுவே போதும் என்று நான் உணர்கிறேன்.