பெட்டியில் வந்த விமானம்



‘மனிதனை உயர்த்துவது துணிச்சலா, பொறுமையா?’ இதுதான் தலைப்பு. எதிரணித் தம்பி, “துணிச்சல் இல்லேன்னா விமானமே இல்லை”ன்னு சொல்லிக் கைதட்டு வாங்கிட்டுப் போயிட்டார். நானும் விமானத்தையே எடுத்துக்கிறேன்.

வருஷம் 1910. சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தியவர் டி ஏஞ்செலிஸ். முந்தின வருஷம்தான் பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயைப் பறந்தே தாண்டியிருந்தார். இவருக்கும் ஆசை வந்துவிட்டது. ஓட்டல்காரருக்கு எதுக்குய்யா இந்த வேலை? (சிரிப்பு) தாமே ஒரு வடிவம் போட்டு, வண்டி கட்டுகிற சிம்ப்சன் கம்பெனியில் கொடுத்துச் செய்யச் சொன்னார். பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். அப்புறம்தான் தீவுத்திடலில் கட்டணம் வைத்து ஊருக்குக் காட்டினார். தம்பி, அந்த ‘அப்புறம்தான்’ என்கிற சொல் என் கட்சி! (கைதட்டல்)

இப்போ விமானம் பெட்டி பெட்டியாக வீட்டுக்கே வருது. நாமதான் பூட்டிக்கணும். கேரளத்துக்காரர் அசோக் தாமராட்சன், இங்கிலாந்தில் என்ஜினீயர். 2020 கொரோனா ஊரடங்கில், தென்னாப்பிரிக்கக் கம்பெனியின் நாலு பேர் உட்காரும் ‘ஸ்லிங்’ விமானத்தை வாங்கிப் பூட்ட ஆரம்பித்தார். 18 மாசம் ஆச்சு. நம்ம வீட்டில் பீரோவுக்கு நாலு திருகு முடுக்கச் சொன்னா, மூணை முடுக்கிட்டு, “போதும்டி, நிக்குது”ங்கிறோம். (சிரிப்பு)

அங்கே அது நடக்காது. தகட்டில் துளை போட்டால் விளிம்பில் பிசிறு நிற்கும். அதைச் சீவணும். சீவாமல் ரிவிட் அடித்தால், பின்னாளில் அங்கேயிருந்துதான் விரிசல் கிளம்பும். ஒரு துளையா, இரண்டு துளையா? ஆயிரக்கணக்கில்! முடிந்ததும் மூன்று சக்கரத்துக்கும் அடியில் தராசு வைத்து, கனம் எங்கே உட்கார்ந்திருக்குன்னு பார்க்கணும். பின்னால் கூடினால் மூக்கு தூக்கிக்கும், வேகம் விழும், இறக்கை தாங்காது. உங்க தொட்டியத்து மதுரை காளியம்மன் தேர் தோளில் வருகிற தேர். கனம் ஒருபக்கம் சாய்ந்தால் என்ன ஆகும்னு தோள் கொடுத்தவங்களைக் கேளுங்க. (பலத்த கைதட்டல்)

மும்பையில் விமானி அமோல் யாதவ் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டினார். 2016-இல் கண்காட்சியில் வைத்தார். பதிவு கிடைத்தது 2017-இல். பறந்து பார்க்க அனுமதி 2019-இல். இந்தக் காகிதத் தாமதத்தை நான் பொறுமைன்னு பாராட்ட மாட்டேன். அது வேறே பட்டிமன்றம்! (சிரிப்பு)

அமெரிக்காவில், சொந்தமாகக் கட்டின விமானத்தை வழக்கமாக 25 மணி நேரமோ, 40 மணி நேரமோ சோதனையாக ஓட்டின பிறகுதான் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றலாம். அவர் மேலே பறக்கிறார். கீழே வாசலில் ஒரு அம்மா வானத்தையே பார்த்துக்கிட்டு நிக்கிறாங்களே, அந்த 40 மணி நேரத்தையும் எங்க அணிக் கணக்கில் எழுதிக்குங்க நடுவர் அவர்களே!