கல்லுக்கும் ஓர் அனுமதிச் சீட்டு



சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டுப் பயணமொன்றில், அலங்கார மீன்கள் விற்கும் கடைக்குள் நுழைந்தேன். கண்ணாடித் தொட்டி ஒன்றில், கடல் மீன்களுக்கு நடுவே துளைகள் நிறைந்த பாறைத் துண்டு கிடந்தது. அது அயல்நாட்டுச் சரக்கு என்று கூறிய கடைக்காரர், அதனுடன் வந்த ஏற்றுமதி அனுமதிச் சீட்டின் நகலையும் காட்டினார். "கல்லுக்குமா அனுமதி?" என்று நகைத்தேன். பின்னர் அதுபற்றிப் படித்தறிந்தபோது, நகைத்ததற்காக நாணினேன்.

அது மலையில் உடைத்த கல் அன்று; பவளம் என்னும் சிற்றுயிர்கள் கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக்கொண்டு கட்டிய கூடு. கட்டியவை மடிந்த பின்னும் அதன் துளைகளில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மீன்களின் கழிவில் தோன்றும் அம்மோனியா நஞ்சை மாற்றி, அவை நீரைத் தூய்மை செய்கின்றன. அதனால் அதற்கு 'உயிர்ப்பாறை' என்று பெயர்.

அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை நெறிப்படுத்த, 1973-இல் வாஷிங்டனில் 'சைட்டிஸ்' என்னும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1975-இல் நடைமுறைக்கு வந்தது. கற்பவளங்கள் அதன் இரண்டாம் பட்டியலில் உள்ளன. எனவே, ஏற்றுமதி செய்யும் நாடு முதலில் இரண்டு வினாக்களுக்கு விடை காண வேண்டும். பாறை சட்டப்படி எடுக்கப்பட்டதா? எடுத்ததனால் அவ்வினத்தின் வாழ்வுக்குக் கேடு உண்டா? இரண்டிலும் நிறைவு கண்ட பின்னரே சீட்டு வழங்கலாம். அது 6 மாதங்களுக்கே செல்லும். சீட்டின்றி வரும் பாறையை, வாங்கும் நாடு உள்ளே விடலாகாது. ஐரோப்பிய ஒன்றியமோ தனியே இறக்குமதி அனுமதியும் கேட்கிறது. பவள மணலுக்கும், 3 செ.மீ. அளவுக்கு உட்பட்ட, இனம் காண இயலாத துணுக்குகளுக்கும், புதைபடிவங்களுக்கும் விலக்கு உண்டு.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு? விடை நம் மன்னார் வளைகுடாவிலேயே இருக்கிறது. அங்கே சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டியெடுத்தனர். அலையைத் தாங்கிய அரண் தளர்ந்தது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் கடலுள் மூழ்கிவிட்டன. அப்பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் கற்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன.

தொட்டியின் அழகைக் காண்பவர் கண்ணுக்கு, பாறை பெயர்க்கப்பட்ட கடல் தெரிவதில்லை. அக்கடலை அறிந்தவர்களிடம் முதலில் கேட்க வேண்டும் என்பதே இவ்விதிகளின் நோக்கம். இனி அத்தகைய பாறையைக் கண்டால், விலையைக் கேட்கும் முன் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அன்று நான் கேட்கத் தவறியது அதுவே.